அலைமீது ஏவுதளம், விண்ணிலே ஆய்வுக்கூடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

வானை ஆராய விரும்புகிறவர்கள் மலைமேல் ஏறுவது வழக்கம். கோடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையமும், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையமும் அமைந்திருப்பது இக்காரணத்தாலேயே. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. தூசும் விளக்கொளியும் குறைகின்றன. விண்மீனின் ஒளி தெளிவாக வந்து சேர்கிறது. இவையெல்லாம் நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. ஆனால், வானை ஆராய்வதற்காக மலையை விட்டுக் கடலுக்குள் சென்றவர்களும் உண்டு என்பதைப் பலர் அறியார். எக்ஸ்-கதிர்களால் வானை ஆராய்வதற்கென்றே செய்யப்பட்ட உலகின் முதல் துணைக்கோள், தரையிலிருந்து புறப்படவில்லை. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், கடலில் நின்ற ஓர் இரும்பு மேடையிலிருந்து புறப்பட்டது.

விண்வெளி ஆய்வுக்கு வேண்டுவது துல்லியம். கடலோ ஓயாமல் ஆடுவது. இவ்விரண்டும் எவ்வாறு ஒத்துப்போயின? இக்கேள்விக்கு விடை தேடி நம் கல்லூரி நூலகத்தில் படித்தவற்றையும், நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தைக் கொண்டே நான் போட்டுப் பார்த்த சில எளிய கணக்குகளையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். இவற்றைப் புரிந்துகொள்ள இயக்கவியலில் தனிச்சீரிசை இயக்கமும், சிறிது திரிகோண கணிதமும் போதும்.

கடல் ஆடும், தொலைநோக்கி பொறுக்காது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். விண்மீனை ஒளியால் காணும் பெரிய தொலைநோக்கியைக் கப்பலில் வைக்க முடியாது. வானியலார் கோணத்தை அளக்கும் சிறு அலகு ஒரு விகலை. ஒரு பாகையை 3,600 கூறுகளாகப் பிரித்தால் அதில் ஒரு கூறு அது. நல்ல தொலைநோக்கி, நீண்ட நேரம் ஒரே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதனினும் குறைவாகவே விலகலாம். இப்போது 60 மீட்டர் நீளமுள்ள ஒரு மிதவையை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு முனை மட்டும் எவ்வளவு உயர்ந்தால் அது ஒரு விகலை சாயும்? கணக்கிட்டால் 0.3 மில்லிமீட்டர் என்று வருகிறது. ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் கனம்! அமைதியான கடலிலும் அலைகள் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று எழும்பி விழுகின்றன. ஆகவே, கண்ணாடித் தொலைநோக்கிக்குக் கடல் இருக்கை ஆகாது.

அப்படியானால் கடலால் வானியலுக்கு என்ன பயன்? இரண்டு பயன்கள் உள்ளன. ஒன்று, தொலைநோக்கியைச் சுமந்து செல்லும் ராக்கெட்டுக்குப் புறப்படும் இடமாகக் கடல் உதவுகிறது. மற்றொன்று, கடல்நீரே தொலைநோக்கியின் ஓர் உறுப்பாக ஆகிவிடுகிறது. முதலாவதே பெரிய கதை. அதை முதலில் காண்போம்.

ஏன் நிலநடுக்கோடு?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர், தாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே சென்றுகொண்டிருக்கிறார். வடக்கேயோ தெற்கேயோ போகப் போக இவ்வேகம் குறையும். அட்சக் கோணத்தின் கோசைனால் 465-ஐப் பெருக்கினால் அவ்விடத்தின் வேகம் கிடைக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறத்தாழ 452 மீட்டர். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் 367. கஜகஸ்தானிலுள்ள பைக்கானூரில் 323. கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இவ்வேகம் எரிபொருள் செலவின்றிக் கிடைக்கும் கொடை. துணைக்கோளுக்கு வேண்டிய வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7.6 கி.மீ. என்பதால், இக்கொடை அதில் பதினாறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம்.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. ஓரிடத்திலிருந்து நேர்கிழக்காக ஏவப்படும் துணைக்கோளின் சுற்றுப்பாதை, நிலநடுக்கோட்டுக்கு அவ்விடத்தின் அட்ச அளவு சாய்ந்தே இருக்கும். நேராக ஏவி, அதற்குக் குறைந்த சாய்வைப் பெற முடியாது. வாலப்ஸ் தீவின் அட்சம் ஏறத்தாழ 38 பாகை. அங்கிருந்து புறப்பட்ட துணைக்கோளை 3 பாகைச் சாய்வுக்குக் கொண்டுவர வேண்டுமானால், 35 பாகை திருப்ப வேண்டும். வெக்டர் முக்கோணம் வரைந்து கணக்கிட்டேன். விநாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் செல்லும் பொருளை 35 பாகை திருப்புவதற்கு மட்டும் ஏறக்குறைய 4.6 கி.மீ. வேகத்துக்குரிய எரிபொருள் தேவை. அதாவது, சுற்றுப்பாதை வேகத்தில் பாதிக்கு மேல்! சிறிய ராக்கெட்டுக்கு இது எட்டாக் கனி. எனவே, நிலநடுக்கோட்டுச் சுற்றுப்பாதை வேண்டுமென்றால் நிலநடுக்கோட்டுக்கே போய்விடுவதுதான் மலிவான வழி.

அத்தகைய சுற்றுப்பாதை வானியலாருக்கு எதற்காக? பூமியைச் சூழ்ந்து வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள் உள்ளன. பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே உள்வளையம் பூமியை நோக்கித் தாழ்ந்து இறங்குகிறது. அப்பகுதியைக் கடக்கும் துணைக்கோளின் கருவிகளில் மின்னேற்றத் துகள்கள் மழைபோல் மோதும். விண்மீனிலிருந்து வரும் மெல்லிய குறி அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும் துணைக்கோளோ அப்பகுதியின் ஓரத்தை மட்டுமே தொட்டுச் செல்கிறது. எக்ஸ்-கதிர்களையும் காமாக் கதிர்களையும் எண்ணும் கருவிக்கு இதைவிட அமைதியான இடம் அரிது. மேலும், நிலநடுக்கோட்டருகே ஒரே ஒரு தரைநிலையம் இருந்தாலும் போதும். துணைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் அதன் தலைக்கு மேலாகக் கடந்து, சேர்த்துவைத்த செய்தியை இறக்கிவிட்டுச் செல்லும்.

நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் வானியல் துணைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 13.7 பாகை அட்சத்திலிருந்து புறப்பட்ட அது 6 பாகைச் சாய்வுள்ள சுற்றுப்பாதையில் அமர்த்தப்பட்டது. காரணம் மேலே கூறிய அதே கதிர்வீச்சுப் பகுதிதான். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் வலிமை மிகுந்தது. ஆதலால் வழியிலேயே திசையைத் திருத்திக்கொள்ள முடிந்தது. 1960-களில் இத்தாலியர் கையில் இருந்த சிறிய ராக்கெட்டுக்கு அந்த வலிமை இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்?

சான் மார்க்கோ

இத்தாலி நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கும் நாடு. ரோம் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பேராசிரியராக விளங்கிய லூயிஜி புரோலியோ, விமானப்படை அதிகாரியும் ஆவார். அவர் ஒரு வழி கண்டார். நிலநடுக்கோட்டில் நமக்கு நிலம் இல்லையென்றால், கடலில் ஒரு தளத்தைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வோம் என்பதே அது.

கென்யா நாட்டின் மாலிந்தி நகருக்கு அருகே, கரைக்குச் சில கி.மீ. அப்பால், ஆழம் குறைந்த கடற்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை தெற்கே உள்ளது. அங்கே இரண்டு மேடைகள் நிறுவப்பட்டன. ஒன்றின் பெயர் சாந்தா ரீத்தா. முன்பு எண்ணெய்க் கிணறு தோண்டும் பணிக்கெனச் செய்யப்பட்டது அது. மற்றொன்று சான் மார்க்கோ. அமெரிக்கத் தரைப்படையிடமிருந்து கிடைத்த மிதவை மேடை. இரண்டும் கடலில் மிதந்தபடியே இழுத்து வரப்பட்டன. இடம் சேர்ந்ததும், மேடையின் கால்களைக் கடலடி மணலில் ஊன்றி, மேடையை அலைக்கு மேலே உயர்த்தி நிறுத்தினார்கள். ஆகவே இவற்றை 'மிதந்து வந்து காலூன்றிய தளங்கள்' என்பதே பொருந்தும். சான் மார்க்கோவிலிருந்து ராக்கெட் புறப்படும். சாந்தா ரீத்தாவிலிருந்து அதைக் கட்டுப்படுத்துவார்கள். இரண்டையும் கடலடி வடங்கள் இணைத்தன.

கடலுக்குச் செல்லுமுன் புரோலியோவின் குழு அமெரிக்காவில் பயிற்சி பெற்றது. 1964 டிசம்பர் 15 அன்று இத்தாலியின் முதல் துணைக்கோளான சான் மார்க்கோ-1, வாலப்ஸ் தீவிலிருந்து அமெரிக்க ஸ்கவுட் ராக்கெட் மூலம் ஏவப்பட்டது, ஏவியவர்கள் இத்தாலியர். பிறகு 1967 ஏப்ரல் 26 அன்று சான் மார்க்கோ-2 கென்யக் கடலிலிருந்தே விண் சென்றது. கடல் மேடையிலிருந்து ஏவப்பட்ட முதல் துணைக்கோள் அதுவே. அன்று தொடங்கி 1988 மார்ச் 25 வரை அம்மேடையிலிருந்து ஒன்பது துணைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒன்பதில் நான்கு, வானியலுக்கென்றே செய்யப்பட்டவை.

உஹுரு கண்டது

அந்நான்கில் முதலாவது 1970 டிசம்பர் 12 அன்று புறப்பட்டது. அந்நாள் கென்யாவின் விடுதலை நாள். 1963-இல் அதே நாளில்தான் அந்நாடு விடுதலை பெற்றது. ஆகவே துணைக்கோளுக்கு 'உஹுரு' என்று பெயரிட்டார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு 'விடுதலை' என்று பொருள். திட்டத்தின் பொறுப்பாளர் மார்ஜோரி டவுன்செண்ட் என்னும் பெண்மணி. ஆய்வுக் குழுவின் தலைவர் இத்தாலியில் பிறந்த ரிக்கார்டோ ஜியாக்கோனி.

உஹுருவின் அருமையை அறிய, அதற்கு முன்பிருந்த நிலையைக் காண வேண்டும். விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைக் காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. எந்த மலைமேல் ஏறினாலும் அவற்றைக் காண முடியாது. 1962 ஜூன் 18 அன்று ஜியாக்கோனியின் குழு ஒரு சிறு ராக்கெட்டில் கருவியை அனுப்பி, விருச்சிக விண்மீன் குழுவில் கதிரவனுக்கு அப்பாற்பட்ட முதல் எக்ஸ்-கதிர் மூலத்தைக் கண்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் ராக்கெட் மேலே சென்று, சில நிமிடங்கள் வானைப் பார்த்துவிட்டு, கீழே விழுந்துவிடும். மின்னல் வெட்டும் நேரத்தில் புத்தகம் படிப்பது போன்ற ஆய்வு அது.

சுமார் 140 கிலோ எடையுள்ள உஹுருவோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், 1973 மார்ச் வரை, மெல்லச் சுழன்றுகொண்டே வானம் முழுவதையும் வருடிப் பார்த்தது. அதன் இறுதி அட்டவணையில் 339 எக்ஸ்-கதிர் மூலங்கள் இடம்பெற்றன. சென்டாரஸ் எக்ஸ்-3 என்னும் மூலம் 4.8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதையும், ஏறத்தாழ 2.1 நாட்களுக்கு ஒருமுறை மறைந்து தோன்றுவதையும் அது காட்டியது. மறைவதற்குக் காரணம், அது மற்றொரு விண்மீனைச் சுற்றிவருவதே. துடிப்பதற்குக் காரணம், அது சுழலும் நியூட்ரான் விண்மீனாக இருப்பதே. துணை விண்மீனிலிருந்து பிடுங்கப்படும் வாயு அதன்மேல் விழும்போது கோடிக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ்-கதிர்களை வீசுகிறது.

சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் மூலமோ இன்னும் வியப்பானது. அதன் கதிர்வீச்சு ஒழுங்கின்றி, விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ளேயே கூடிக் குறைந்தது. இங்கே ஓர் எளிய தர்க்கம் உண்டு. ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் செல்லாது. விநாடியின் பத்தில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தொலைவு 30,000 கி.மீ. ஆகவே, அவ்வளவு விரைவில் ஒருசேர மாறும் பொருள் 30,000 கி.மீ.க்கு மேல் பெரிதாக இருக்க இயலாது. கதிரவனின் விட்டமோ ஏறக்குறைய 14 இலட்சம் கி.மீ. பின்னர் தரையிலிருந்த தொலைநோக்கிகள் அதன் துணை விண்மீனைக் கண்டறிந்து, அது ஆடும் ஆட்டத்தை அளந்தபோது, கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு பொருள் கதிரவனைவிடப் பன்மடங்கு நிறையுடையது என்று தெரிந்தது. 2021-இல் வெளியான அளவீடு, கதிரவனைப்போல் ஏறத்தாழ 21 மடங்கு என்கிறது. கருந்துளை என்பது வெறும் கணக்கன்று, வானில் உண்மையாகவே உள்ளது என்று அறிஞர்கள் நம்பத் தொடங்கியது இப்பொருளால்தான். ஜியாக்கோனிக்கு 2002-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மற்ற மூன்றும் வீண்போகவில்லை. 1972-இல் ஏவப்பட்ட எஸ்.ஏ.எஸ்.-2 காமாக் கதிர் வானைக் காட்டியது. 1974-இல் ஏவப்பட்ட பிரிட்டிஷ் துணைக்கோள் ஏரியல்-5, அடுத்த ஆண்டு திடீரெனப் பேரொளியுடன் தோன்றிய ஓர் எக்ஸ்-கதிர் மூலத்தைக் கண்டது; அதுவும் கருந்துளை என்று பின்னர் தெளிவாயிற்று. 1975-இல் எஸ்.ஏ.எஸ்.-3 சென்றது.

மெய்யாகவே மிதந்த தளம்

சான் மார்க்கோ தரையில் காலூன்றிய தளம். ஆழ்கடலில் காலூன்ற முடியாது. அங்கே மிதந்தபடியே ராக்கெட்டை ஏவ முடியுமா? முடியும் என்று காட்டியது ஒடிஸி என்னும் மேடை. 1995-இல் அமெரிக்கா, ரஷ்யா, யுக்ரேன், நார்வே ஆகிய நான்கு நாட்டு நிறுவனங்கள் கூடி 'சீ லாஞ்ச்' என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1988-இல் வடகடலில் தீப்பிடித்துச் சேதமடைந்த ஓர் எண்ணெய்த் துறப்பண மேடையை எடுத்து, அதை ஏவுதளமாகத் திருத்தி அமைத்தார்கள். அதன் நீளம் 133 மீட்டர். கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ராக்கெட்டை ஏற்றிக்கொண்டு, பசிபிக் கடலில் பல நாட்கள் பயணம் செய்து, நிலநடுக்கோட்டில் மேற்குத் தீர்க்கம் 154 பாகையில் அது நிற்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கி.மீ.க்கு ஊர் கிடையாது. ஏவுமுன் ஆட்கள் அனைவரும் மற்றொரு கப்பலுக்குச் சென்றுவிடுவார்கள். ஆளற்ற மேடையில் எரிபொருள் தானாக நிரம்பி, ராக்கெட் புறப்படும்.

அலையில் அது எப்படி ஆடாமல் நின்றது? இங்கேதான் நம் பாடப்புத்தகம் உதவுகிறது. நீரில் மிதக்கும் பொருளைச் சிறிது அழுத்திவிட்டால் மேலும் கீழும் அலையும். அதன் அலைவு நேரம் இரண்டைப் பொறுத்தது: ஒன்று நிறை, மற்றொன்று நீர்மட்டத்தை வெட்டும் பரப்பு. பரப்பு பெரிதானால் மிதப்பு விசை வலிய சுருள்வில்லைப்போல் செயல்பட்டு, அலைவு நேரம் குறையும். பரப்பு சிறிதானால் மெலிந்த சுருள்வில். அலைவு நேரம் நீளும்.

30,000 டன் நிறையுள்ள தட்டையான தெப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 8,900 சதுர மீட்டர் என்று கொண்டால், இயல்பு அலைவு நேரம் ஏறக்குறைய 3.6 விநாடி. பெருங்கடல் அலைகள் வருவதோ 5 முதல் 15 விநாடிக்கு ஒன்றாக. எனவே தெப்பம் ஒவ்வொரு அலைக்கும் பணிந்து ஏறி இறங்கும். ஒடிஸியின் அமைப்பு வேறு. அதன் எடையைத் தாங்கும் பெரிய மிதவைகள் நீருக்குள் ஆழத்தில் உள்ளன. அவற்றிலிருந்து எழும் தூண்கள் மட்டுமே நீர்மட்டத்தை வெட்டுகின்றன. ஏவுமிடம் சேர்ந்ததும் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, மேடையை இருபது மீட்டருக்கு மேல் அமிழ்த்துவார்கள். அப்போது அதன் நிறை சுமார் 50,000 டன். தூண்களின் மொத்தப் பரப்பை, கணக்குக்காக, 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அலைவு நேரம் 20 விநாடிக்கு அருகில் வந்தது.

திணிப்பு அலைவுகள் பற்றிய பாடத்தை நினைவுகூருங்கள். திணிக்கும் விசையின் அலைவு நேரம், பொருளின் இயல்பு அலைவு நேரத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், பொருள் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். 10 விநாடி அலைக்கு மேடையின் அசைவு, உராய்வைப் புறக்கணித்தால், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதுவுமன்றி, அலையின் வேகம் ஆழத்தில் விரைந்து குறைவது. 10 விநாடி அலையின் ஆட்டம் 20 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் உள்ளதில் பாதிக்கும் கீழே. மிதவைகள் இருப்பது அந்த ஆழத்தில்தான். கடலை அடக்கி அன்று, அதன் தாளத்துக்குச் செவிசாய்க்காத உடலை அமைத்துக்கொண்டே ஒடிஸி நிலைபெற்றது.

நிலநடுக்கோட்டு நன்மை இங்கும் உண்டு. தொலைக்காட்சி, தொலைபேசித் துணைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். அவ்வுயரத்தை எட்டியபின் பாதையை வட்டமாக்கிச் சாய்வையும் நீக்க, நிலநடுக்கோட்டிலிருந்து ஏவியதற்கு விநாடிக்குச் சுமார் 1.5 கி.மீ. வேகம் தேவை. அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து ஏவியதற்கு 1.8, பைக்கானூரிலிருந்து ஏவியதற்கு 2.3. இவ்வேறுபாடு துணைக்கோளின் எரிபொருளை மிச்சப்படுத்தி, அதன் ஆயுளை நீட்டிக்கிறது.

வெற்றியும் வீழ்ச்சியும்

1999 மார்ச் 27 அன்று முதல் முயற்சி வெற்றி பெற்றது. 2014 மே 26 வரை 36 முறை ஒடிஸியிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. மூன்று முறை முழுத் தோல்வி. அவற்றுள் 2007 ஜனவரி 30 அன்று நேர்ந்தது கொடியது. ராக்கெட் மேடையிலேயே வெடித்துத் தீப்பிழம்பாயிற்று. ஆட்கள் முன்பே விலகியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மேடையும் தப்பியது, ஓராண்டுக்குள் மீண்டும் பணிக்கு வந்தது.

இயற்பியல் கைவிடவில்லை, கணக்குப் புத்தகம் கைவிட்டது. ஆண்டுக்கு நான்கைந்து முறை ஏவினாலும், இரு பெருங்கலங்களையும் ஆட்களையும் ஆண்டு முழுவதும் பேண வேண்டியிருந்தது. 2009-இல் நிறுவனம் நொடித்தது. பின்னர் மீண்டும் எழுந்தது. யுக்ரேனில் செய்த ராக்கெட்டில் ரஷ்ய எந்திரங்கள் இருந்தன. 2014-இல் இரு நாடுகளுக்கும் பகை மூண்டதும் அவ்வழியும் அடைபட்டது. 2020-இல் ஒடிஸி ரஷ்யாவின் தூரகிழக்குக் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

எனினும் எண்ணம் மடியவில்லை. 2016 ஏப்ரல் 8 அன்று அமெரிக்க ஃபால்கன்-9 ராக்கெட்டின் கீழ்ப்பகுதி கடலில் மிதந்த மேடை ஒன்றில் செங்குத்தாக வந்து இறங்கியது. அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. 2019 ஜூன் 5 அன்று சீனா மஞ்சள் கடலிலிருந்து ராக்கெட் ஏவியது.

கடலே தொலைநோக்கியானால்

இனி இரண்டாவது பயன். நியூட்ரினோ என்னும் துகள் பூமியையே ஊடுருவிச் செல்லக்கூடியது. அருமையாக எப்போதாவதுதான் நீரிலுள்ள அணுக்கருவோடு மோதும். அப்போது தோன்றும் மின்னேற்றத் துகள் நீரில் நீலநிற ஒளிக்கீற்றை விடுத்துச் செல்லும். அதைக் காண வேண்டுமானால், இருண்ட, தெளிந்த, மிகப்பெரிய நீர்ப்பரப்பு வேண்டும். ஆழ்கடல் அதுவே அன்றோ! மத்தியதரைக் கடலில் கே.எம்.3-நெட் என்னும் திட்டத்தில், கடலடியில் நங்கூரமிட்ட நீண்ட வடங்களில் கண்ணாடிக் கோளங்களைக் கோத்திருக்கிறார்கள். வடத்தின் தலையில் கட்டிய மிதவை அதை மேல்நோக்கி இழுத்து நிமிர்த்துகிறது. சிசிலித் தீவருகே ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழத்தில் உள்ள இத்தகைய வடங்கள், 2023 பிப்ரவரி 13 அன்று, அதுவரை கண்டவற்றுள் மிக அதிக ஆற்றல் வாய்ந்த நியூட்ரினோவின் தடத்தைப் பதிவுசெய்தன. இச்செய்தி 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று.

நீரோட்டத்தில் அவ்வடங்களும் ஆடத்தான் செய்கின்றன. ஆட்டத்தைத் தடுக்க அவர்கள் முயலவில்லை. ஒலி அலைகளால் ஒவ்வொரு கோளத்தின் இடத்தையும் அளந்து, கணக்கில் திருத்திக்கொள்கிறார்கள். சான் மார்க்கோ காலூன்றி ஆட்டத்தை நீக்கியது. ஒடிஸி உடலமைப்பால் அதைக் குறைத்தது. நியூட்ரினோ வடமோ ஆட்டத்தை அளந்து வென்றது. ஒரே இடையூறுக்கு மூன்று விடைகள்!

யாருடைய கரை?

என் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவர்களில் நானே முதல்வன். ஆதலால், 'தகுந்த இடம் வாய்க்காதவன் என்ன செய்வான்?' என்னும் கேள்வி எனக்குப் புதிதன்று. பழைய மேடைகள் இரண்டைக் கொண்டு தனக்கென ஓரிடத்தைக் கடலிலே படைத்துக்கொண்ட ஒரு பேராசிரியரின் கதை என்னைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேடை இத்தாலியருடையது, ராக்கெட் அமெரிக்கருடையது, கடலும் கரையும் கென்ய மக்களுடையவை. துணைக்கோளுக்கு அவர்கள் மொழியில் பெயர் கிடைத்தது. துணைக்கோள் கிடைத்ததா?

1976-இல் கென்யா உள்ளிட்ட நிலநடுக்கோட்டு நாடுகள் சில கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் தங்களுக்கு உரிமை உண்டு என்று அறிவித்தன. உலகம் அதை ஏற்கவில்லை. ஆயினும் அவ்வறிவிப்பின் பின்னிருந்த மனக்குறை நியாயமானதே. கென்யாவின் முதல் துணைக்கோள் 2018 மே மாதத்தில்தான் விண்ணில் விடப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பெட்டியைச் செய்தவர்கள் நைரோபி பல்கலைக்கழகத்தார். துணைநின்றது ரோம் பல்கலைக்கழகம். உஹுரு புறப்பட்டு 47 ஆண்டுகளுக்குப் பின், அக்கரையின் மாணவர்கள் கைக்கு அந்த அறிவு வந்து சேர்ந்தது. காலம் கடந்தாலும் வந்தது நல்லதே. முன்பே வந்திருந்தால் இன்னும் நல்லது.

இது நமக்கும் பொருந்தும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும்போது இலங்கையின் மேல் பறக்காதிருக்க ராக்கெட் வளைந்து செல்கிறது. அதனால் எரிபொருள் வீணாகிறது. நேர்தெற்கே திறந்த கடல் இருப்பதாலேயே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இம்முறை கரையும் நம்முடையது, ராக்கெட்டும் நம்முடையது. ஆனால் அக்கரையோரப் பள்ளிகளிலும் நம்போன்ற அரசுக் கல்லூரிகளிலும் படிப்பவர்கள் வேலிக்கு வெளியே நின்று புகையை மட்டும் பார்த்துக் கைதட்டுவதோடு நின்றுவிடலாகாது. அத்தளத்தின் கணக்குகளைப் போடுகிறவர்களாக, அதிலிருந்து செல்லும் கருவிகளைச் செய்கிறவர்களாக நாம் உள்ளே செல்லவேண்டும்.

மாணவ நண்பர்களே! மேலே நான் போட்ட கணக்குகளில் ஒன்றுகூட நம் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று. தனிச்சீரிசை இயக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும்போது, அதே சமன்பாடு ஐம்பதாயிரம் டன் மேடையைப் பசிபிக் கடலில் நிறுத்திவைத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பாடம் இனிக்கும், விண்ணும் அருகில் வரும்.